ஆணையத்துக்கு ஒரு பொன்னாடை

பிரசெல்ஸில் எடுத்த அந்தப் படத்தைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நடுவில் ஒரு வெள்ளைக்காரப் பெண் அதிகாரி. தோளில் சரிகைக்கரைப் பொன்னாடை. சிரிக்கிறாரா, விட்டுவிடுங்கள் என்கிறாரா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பக்கத்தில் எங்கள் ஒஸ்லோத் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர், நாடு பிடித்தவர் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார். ஓரத்தில் நான். என் கையில் சட்டம் போட்ட ஒரு படம், தங்கச்சியின் கணவருடையது. எரிச்சலில் நான் முகத்தைத் திருப்பிய நேரம் பார்த்துத்தான் படம் எடுத்திருக்கிறார்கள்.

தங்கச்சி கிளிநொச்சியில் இருக்கிறாள். போரின் கடைசியில், விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று சொன்ன இராணுவத்திடம் கணவரைத் தன் கையாலேயே ஒப்படைத்தாள். அதற்குப் பிறகு ஆளைப் பற்றி ஒரு சொல் இல்லை. செத்தார் என்றும் ஒருவரும் சொல்லவில்லை, இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. இவளைப் போன்ற பெண்கள் வீதியோரத்தில் பந்தல் போட்டுப் படங்களை வைத்துக்கொண்டு இருந்தார்கள். இவளும் வெயில், மழை பார்க்காமல் அதில் இருந்தாள். பிள்ளைகள் வளர்ந்துகொண்டு வந்தார்கள். பந்தலில் இருந்தால் அடுப்பு எரியாது. அதனால் ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். பெண்களின் உள்ளாடைகளுக்குத் தோள்பட்டி வைத்துத் தைப்பது அவளுடைய வேலை. விடுமுறை நாட்களில் மட்டும் பந்தலுக்குப் போவாள்.

அவள் தைப்பது கப்பலேறி ஐரோப்பாவுக்கு வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக்கு ஒரு வரிச்சலுகை கொடுத்திருக்கிறது. வரி இல்லாததால்தான் அந்தத் துணி மற்ற நாட்டுத் துணியோடு விலையில் போட்டி போடுகிறது, தொழிற்சாலை ஓடுகிறது, தங்கச்சிக்கு வேலை இருக்கிறது. ஆனால் சலுகை சும்மா கொடுத்ததல்ல. மனித உரிமைகளை மதிக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறது. மதிக்கிறார்களா என்று பார்த்துக் கொஞ்ச வருடத்துக்கு ஒருமுறை அறிக்கை எழுதுவது பிரசெல்ஸில் இருக்கிற ஒன்றியத்தின் ஆணையம். மதிக்கவில்லை என்று கண்டால் சலுகையை நிறுத்தும் வேலையைத் தொடங்க வேண்டியதும் அதே ஆணையம்தான்.

ஆக, கணவர் எங்கே என்று கேட்கிற வாயால் கடுமையாகக் கேட்டால் தங்கச்சியின் வேலை போகும். வேலையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் கணவரைப் பற்றி மெதுவாகக் கேட்க வேண்டும். இப்படி ஒரு ஏற்பாட்டை எந்தக் கோதாரி யோசித்துச் செய்தது என்று எனக்குத் தெரியாது. செய்தவருக்குத் தங்கச்சியைத் தெரிந்திருக்காது, அது மட்டும் நிச்சயம்.

அறிக்கை வரப்போகிறது என்று தெரிந்ததும் எங்கள் சங்கம் துள்ளத் தொடங்கியது. ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் ஒரு மண்டபத்தில் கூட்டம். வடையும் தேத்தண்ணியும் முடிந்த பிறகு செயலாளர் எழும்பினார்.

“சலுகையை நிப்பாட்டச் சொல்லி நேரை பிரசெல்ஸுக்குப் போய்க் கேக்கப் போறம். அக்கா, நீங்கள் கட்டாயம் வரவேணும். உங்கடை தங்கச்சியின்ரை மனுசன்ரை படமும் வேணும்.”

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தங்கச்சியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் போனில் அதிகம் யோசிக்கவில்லை.

“போங்கோ அக்கா. என்ரை மனுசன்ரை பேரை அங்கை சொல்லுங்கோ. ஆரோ ஒரு பெரிய இடத்திலை அவற்றை பேர் கேக்கவேணும். சலுகையைப் பற்றி மட்டும் வாய் திறக்காதேங்கோ. இஞ்சை பந்தலிலை இருக்கிற பாதிப் பேர் என்னோடைதான் தைக்கினம்.”

இதை அப்படியே செயலாளரிடம் சொன்னேன். தம்பி, நான் ஆளைத் தேடச் சொல்லிக் கேட்கத்தான் வருவேன், வேலையை நிறுத்தச் சொல்லிக் கேட்க வரமாட்டேன் என்று ஒரு குழப்பமும் இல்லாமல் சொன்னேன். “ஓம் ஓம் அக்கா, அதெல்லாம் பாத்துக்கொள்ளுவம்,” என்றார். எங்கள் ஆட்கள் ஒரு ஓம் சொன்னால் நம்பலாம். இரண்டு ஓம் சேர்த்துச் சொன்னால், கேட்டது காதில் ஏறவில்லை என்று அர்த்தம். அது தெரிந்தும் நான் பயணச்சீட்டுக்குச் சம்மதித்தேன்.

மொழிபெயர்க்க என் மகளையும் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவானது. அவள் ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தில் அரசியல் படித்தவள், ஒஸ்லோவிலேயே பியோர்ண்டாலில் தனியாக இருக்கிறாள். பயணத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார், திட்டத்தை விளக்க. அவருடைய திட்டம் எங்கள் ஊர்த் திட்டம்தான்: ஆளைப் பிடிப்பது. கச்சேரியில், அதுதான் அரச அலுவலகத்தில், காரியம் ஆகவேண்டுமென்றால் கையெழுத்து வைக்கிறவர் யார், அவருக்கு வேண்டியவர் யார் என்று பார்ப்பதுதானே எங்கள் வழக்கம். ஆணையத்தில் ஒவ்வொரு உறுப்பு நாட்டிலிருந்தும் ஒரு ஆணையாளர் இருக்கிறார் என்று எங்கேயோ வாசித்திருக்கிறார். அதில் ஒரு நாட்டில் எங்கள் சனம் நிறைய. அந்த நாட்டு அரசியல்வாதிகளுக்கு எங்கள் சங்கங்கள் பொங்கலுக்குப் பொங்கல் பொன்னாடை போர்த்தியிருக்கின்றன.

“அந்த நாட்டு ஆணையாளர் எங்கடை ஆள் மாதிரித்தான்,” என்றார். “அவரைப் பிடிச்சால் அலுவல் முடிஞ்சுது.”

மகள் தலையில் கை வைத்தாள். “மாமா, அப்பிடி இல்லை. பதவி எடுக்கேக்கை, தங்கடை நாட்டு ரெயேரிங், அதுதான் அரசாங்கம், சொல்லுறதைக் கேக்கமாட்டம் எண்டு சத்தியம் செய்துதான் வருவினம். முழு ஒன்றியத்துக்கும் பொதுவாத்தான் வேலை செய்யவேணும்.”

“சத்தியம் ஆர் பிள்ளை செய்யேல்லை? எங்கடை ஊர் எம்பீமாரும்தான் செய்தவை.”

“அதோடை தனி ஆள் முடிவெடுக்கிறேல்லை. எல்லா ஆணையாளரும் சேர்ந்துதான் முடிவு. எடுத்த பிறகு நான் மாட்டன் எண்டு ஒராளும் வெளியிலை வந்து சொல்ல ஏலாது. புதுச்சட்டம் வேணுமெண்டால் எழுதி முன்வைக்கிறது அவை, ஆனா அதை நிறைவேத்துறது நாடுகளும் பார்லிமெண்டும். இருக்கிற சட்டத்தை நாடுகள் ஒழுங்கா நடத்துதோ எண்டு பாக்கிறது திரும்ப அவை. அவைக்குக் கீழை துறை துறையா ஆக்கள். ஒரு துறை ஒரு விசயம் எழுதினால் மற்றத் துறையளிட்டையும் கேக்கவேணும்.”

எனக்கு எங்கள் பார்னஹாகேதான் ஞாபகம் வந்தது. சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்க்கும் இடம், அங்கேதான் எனக்கு வேலை. ஒரு புது ஊஞ்சல் போடுவதற்கு எத்தனை பேரிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஊஞ்சல் வரும்போது கேட்ட பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கும். செயலாளருக்கு இதெல்லாம் ஏறவில்லை. “நீ படிச்ச பிள்ளை, புத்தகத்திலை உள்ளதைச் சொல்லுறாய்,” என்று சிரித்துவிட்டு, பையிலிருந்து பொன்னாடையை எடுத்துக் காட்டினார். பக்கத்து நகரம் திராமனில் ஒரு கடையில் வாங்கியதாம். நல்ல சரிகை.

இன்னொன்றையும் மகள் சொன்னாள். நோர்வே அந்த ஒன்றியத்தில் இல்லவே இல்லை. இந்த நாட்டுச் சனம் வேண்டாம் என்று வாக்குப் போட்டுவிட்டு வெளியே நிற்கிறது. ஆனாலும் அங்கே போடுகிற சந்தைச் சட்டங்களில் பெரும் பகுதி இங்கேயும் வந்துவிடுகிறது. எங்கள் பார்னஹாகே விளையாட்டுச் சாமானின் அடியில் இருக்கிற குறிகூட அங்கத்தையச் சட்டம்தான். சட்டம் வரும், ஆனால் நாங்கள் போய்க் கேட்க அங்கே எங்களுக்கு ஒரு பிரதிநிதியும் கிடையாது. பிறந்த நாட்டில் எங்களைக் கேட்காமல் எல்லாம் முடிவெடுத்தார்கள் என்றுதானே விட்டுவிட்டு ஓடிவந்தோம். ஓடிவந்து குடியுரிமை எடுத்த நாடும் வாசலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கிற நாடு. எனக்கு அன்றைக்கே கோபம் தொடங்கிவிட்டது.

பிரசெல்ஸில் ஆணையாளர் ஒருவரையும் நாங்கள் காணவில்லை. வாசலில் பையைச் சோதித்தார்கள், கழுத்தில் அட்டை மாட்டினார்கள், ஒரு சின்ன அறையில் இருத்தினார்கள். இலங்கை விசயத்தைப் பார்க்கிற அதிகாரி வந்தார். என் வயது இருக்கும். மரியாதையான பெண். எங்கள் ஒவ்வொருவருடைய கையையும் பிடித்துக் குலுக்கினார். படத்தைப் பார்த்து, இவர் யார் என்று கேட்டார். நான் பேரைச் சொன்னேன். அவர் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார், உச்சரிப்பு சரியா என்று கேட்டார். உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த நேரம் எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. தங்கச்சி கேட்டது நடந்துவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு செயலாளர் தன் இங்கிலீசில் தொடங்கினார். எனக்கு நோர்வேஜிய மொழி ஓடும், இங்கிலீஸ் அவ்வளவு ஓடாது. ஆனால் அவர் என் பக்கம் கையை நீட்டி நீட்டிப் பேசியது தெரிந்தது. மகளின் முகம் மாறியது.

“என்ன சொல்லுறார்?” என்று கேட்டேன்.

“காணாமல் போனவையின்ரை குடும்பங்களே சலுகையை உடனை நிப்பாட்டச் சொல்லிக் கேக்கினமாம். அதுக்கு நீங்கள் சாட்சியாம்.”

இரண்டு ஓமின் விலை அதுதான். நான் தமிழிலேயே தொடங்கினேன், மகளை மொழிபெயர்க்கச் சொல்லிவிட்டு. “இல்லை. நாங்கள் அப்பிடிக் கேக்கேல்லை. என்ரை தங்கச்சி அந்தச் சலுகையிலைதான் பிள்ளையளுக்குச் சோறு போடுறாள். அவளின்ரை மனுசனை எங்கை எண்டு கேட்டுச் சொல்லுங்கோ. அதுதான் நாங்கள் கேக்கிறது. வேறை ஒண்டும் இல்லை.”

செயலாளர் மேசைக்குக் கீழே என் காலைத் தட்டினார். நான் திருப்பி நல்லாய்த் தட்டினேன்.

அதிகாரி பேனையை வைத்துவிட்டார். ஒரு தனி மனிதரைத் தேடும் அதிகாரம் தங்களிடம் இல்லை என்றார். அரசாங்கத்தோடு பேசலாம், கேள்வி கேட்கலாம், அந்த நாட்டுக்குப் போய் எல்லாத் தரப்பையும் சந்திக்கலாம், எழுதலாம். அதற்கு மேல் கையில் இருப்பது இந்த வரிச்சலுகை ஒன்றுதான் என்றார்.

“அப்ப அந்த வரியை வைச்சு முடிவெடுக்கிறது ஆர்?” என்று கேட்டேன்.

ஆணையம் என்றார்.

“நீங்கள்தானே ஆணையம்?”

நான் ஆணையத்தில் வேலை செய்கிறேன் என்றார். தான் எழுதுவது வரைவு என்றும், வர்த்தகத்துறை, வெளிவிவகாரம், தொழிலாளர் விசயம் பார்க்கிறவர்கள் எல்லாரும் அதைப் பார்க்க வேண்டும் என்றும் விளக்கினார். நிறுத்துவது என்று வந்தால் ஆணையம் தொடங்க வேண்டும், பிறகு உறுப்பு நாடுகளும் பார்லிமெண்டும் மறுப்புச் சொல்லலாம். எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். நோர்வே என்றதும், அப்படியானால் உங்களுக்கு இங்கே பார்லிமெண்ட் உறுப்பினர் இல்லை என்று கவலையோடு சொன்னார். உண்மையான கவலைதான். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. அடாவடியாகக் கதைத்திருந்தால் நானும் ஏசிவிட்டு வந்திருப்பேன். இந்தப் பெண்ணை என்னவென்று ஏசுவது? அவருக்கு மேலே இருப்பவரும் இப்படித்தான் சொல்வார், அவருக்கும் மேலே இருப்பவரும் அப்படித்தான். அவ்வளவு பெரிய கட்டடத்தில் ஒரு ஆள்கூட, இது நான் எடுத்த முடிவு என்று சொல்லத் தேவையில்லாமல் வேலை நடக்கிறது. ஒரு ஆளைக் காணாமல் ஆக்குவதற்கு ஒரு ஆளின் கட்டளை போதும். கண்டுபிடிக்கச் சொல்லிக் கேட்பதற்கு மட்டும் இத்தனை பேர் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எழும்பும் நேரம் செயலாளர் பொன்னாடையை எடுத்தார். அதிகாரி இரண்டு கையையும் உயர்த்தி, தாங்கள் பரிசு வாங்கக்கூடாது என்றார். மகளும், வேண்டாம் மாமா, அது இங்கே விதி என்றாள். “இது பரிசு இல்லை, மரியாதை,” என்று சொல்லிக்கொண்டே அவர் போர்த்திவிட்டார். எங்களோடு வந்த சங்கத்து ஆள் ஒருவர் படமெடுத்தார். அதிகாரி உடனே அதைக் கழற்றி, கவனமாக மடித்து, மேசையில் வைத்துவிட்டுப் போனார். கழற்றியதை ஒருவரும் படமெடுக்கவில்லை.

நாங்கள் ஒஸ்லோவுக்கு வந்து சேர முன்னமே படம் முகநூலில் வந்துவிட்டது. வரிச்சலுகை நிறுத்தப்படும் என்று ஆணையம் உறுதியளித்ததாம், எங்கள் போராட்டத்துக்கு வெற்றியாம். அந்தப் பெண் வாயில் வராத ஒரு சொல்லை எழுதி, அவர் வேண்டாமென்ற பொன்னாடையைச் சாட்சியாக்கி, ஓரத்தில் என்னையும் நிற்க வைத்திருந்தார்கள்.

தங்கச்சி வழமையாக வட்சப்பில் குரல்தான் அனுப்புவாள். இந்த முறை நேரே அழைத்தாள்.

“அக்கா, என்ன செய்து வைச்சிருக்கிறியள்? தையல் லைனிலை எல்லாற்றை போனிலையும் உங்கடை படம். உன்ரை அக்கா வெளிநாட்டிலை இருந்துகொண்டு எங்கடை சோத்திலை மண்ணைப் போடுறா எண்டு கேக்கினம்.”

“நான் அப்பிடிச் சொல்லேல்லையடி. நிப்பாட்ட வேண்டாம் எண்டுதான் சொன்னனான்.”

“அதை நான் ஆருக்குப் போய்ச் சொல்ல? அவற்றை படத்தையெல்லோ பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள். சாப்பாட்டு நேரம் எனக்குப் பக்கத்திலை இருக்கிறவை எழும்பிப் போகினம். பந்தலுக்குப் போனால் அங்கை சிலபேர் என்னைக் கட்டிப்பிடிச்சு, உன்ரை அக்காதான் எங்களுக்காகக் கதைச்சவ எண்டு அழுகினம். ரெண்டு பக்கமும் பொய். நான் எந்தப் பக்கம் போய் நிக்க?”

சொல்லிவிட்டு அழுதாள். கணவரை ஒப்படைத்ததைச் சொல்லும்போதுகூட என்னிடம் அப்படி அழுததில்லை. அன்று பின்னேரம் நான் வேலை உடுப்பை மாற்றாமலே சுரங்க ரயிலேறிப் புருசெத்துக்குப் போனேன். மண்டபத்தில் செயலாளர் இன்னும் சிலரோடு வெற்றிக் கூட்டத்துக்குச் சாப்பாடு சொல்வதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். கொத்துரொட்டியா, பிரியாணியா என்று.

“படத்தை எடுங்கோ,” என்றேன்.

“அக்கா, கோவிக்காதேங்கோ. பெரிய விசயத்துக்குப் போகேக்கை சின்னச் சின்ன இழப்பு வரத்தான் செய்யும்.”

எனக்கு வந்ததே ஒரு கோபம். “உந்தச் சின்ன இழப்பு ஏன் எப்பவும் அங்கை இருக்கிறவளுக்கு மட்டும் வருது? உங்களுக்கு ஒண்டு வரட்டுமன், பாப்பம். நாளைக்கு உங்கடை வேலையை நிப்பாட்டச் சொல்லி நான் போய் ஆருக்காவது பொன்னாடை போத்தட்டோ? போட்டிருக்கிற பெனியனின்ரை கழுத்தைத் திருப்பிப் பாருங்கோ, எங்கை தைச்சதெண்டு இருக்கும். அதைக் கழட்டி வைச்சிட்டு வந்து போராடுங்கோ.”

பக்கத்தில் நின்ற ஒருவர் தன்னையறியாமல் கழுத்தைத் தடவிப் பார்த்தார். செயலாளர் கடைசியில் படத்தை எடுத்துவிட்டார். எடுத்து என்ன, அது அதற்குள் ரொறன்ரோவிலிருந்து சிட்னிவரை எல்லாக் குழுவிலும் போய்விட்டது. அவரைக் கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். அவருடைய சொந்தங்களும் செத்திருக்கிறார்கள். ஆனால் அவருக்கு ஒரு வெற்றி வேண்டியிருந்தது, அதுவும் உடனே வேண்டியிருந்தது. அதற்கு என் தங்கச்சியைச் செலவழித்தார்.

மகள் அந்த அதிகாரிக்கு எழுதி, எங்கள் குடும்பத்தின் நிலைப்பாடு இதுதான் என்று தெளிவுபடுத்தினாள். கவனத்தில் எடுத்திருக்கிறோம் என்று மறுமொழி வந்தது. படத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. பெருந்தன்மையான பெண்தான். நான் அந்தப் பெருந்தன்மையை வைத்து என்ன செய்வது?

அறிக்கை வந்தபோது ஒஸ்லோவில் பனி உருகிக் கால் வழுக்கிக்கொண்டிருந்தது. மகள் பியோர்ண்டாலிலிருந்து வந்து, சோபாவில் இருந்து எனக்கு மொழிபெயர்த்து வாசித்தாள். சலுகை தொடர்கிறது. வர்த்தகம் பற்றி நிறைய இருந்தது. காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிக் கொஞ்சம் இருந்தது. ஓரளவு முன்னேற்றம் இருக்கிறது, மேலும் தேவை என்ற மாதிரி. நான் தங்கச்சியின் கணவருடைய பேர் இருக்கிறதா என்று கேட்டேன்.

“அம்மா, இதிலை ஒராளின்ரை பேரும் இருக்காது. இது அப்பிடியான ரப்போர்ட் இல்லை.”

அந்தப் பெண் உச்சரிப்புச் சரியா என்று கேட்ட பேர், எந்தத் துறையைத் தாண்டும்போது விழுந்ததோ தெரியாது. எழுதியவர் ஒருவர், திருத்தியவர் ஒருவர், ஒப்புக்கொண்டவர்கள் எல்லாருமாம். ஏசுவதற்குக்கூட ஒரு முகம் இல்லை. நான் போய்ப் பாத்திரத்தைக் கழுவினேன். ஒரு கோப்பை உடைந்தது. உடைத்தேன் என்றும் சொல்லலாம்.

விடிந்ததும் தங்கச்சிக்கு அழைத்தேன். வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள்.

“சலுகை நிக்கேல்லையாம். உன்ரை வேலைக்கு ஒண்டும் வராது,” என்றேன்.

“ஓம், இஞ்சையும் சொன்னவை. இப்ப எல்லாரும் என்னோடை கதைக்கினம்.”

“அது நல்லம்.”

“அவற்றை விசயம் என்ன எழுதியிருக்கினம்?”

சுற்றி வளைக்கலாமா என்று யோசித்தேன். அவளிடம் அது எடுபடாது. “காணாமல் போனவையின்ரை விசயத்திலை ஓரளவு முன்னேற்றமாம். இன்னும் வேணுமாம்.”

பின்னால் பிள்ளை எதையோ தேடிச் சத்தம் போட்டது, இவள் அதற்கு எங்கே இருக்கிறதென்று சொன்னாள். பிறகு என்னிடம் திரும்பி வந்தாள். குரலில் கோபம் ஒன்றும் இல்லை, தெரியாததை அறியக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

“ஓரளவு முன்னேற்றம் எண்டால், இப்ப அவர் எவ்வளவு தூரம் வந்திட்டாராம் அக்கா?”

நேரம் போகுது, பிந்தினால் லைனில் ஏசுவார்கள் என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.